தழை வைத்த வழி

அன்றைக்கு மண்டபத்தில் ஓடியவை இரண்டு மின்விசிறிகள்தான். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை அந்த இரண்டும்தான் முடிவு செய்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த இடத்தை வைத்து யாருக்கும் யோசனை அதிகம் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது.

முதல் விசிறியின் அடியில் வனச்சரகர் ஆனந்தராஜ். அவர் பக்கத்தில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வனக்காவலர். படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கூட்டம் முடிகிறவரை அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாவது விசிறியின் அடியில் குயிலாப்பாளையம் ஆண்டோவும் அவருடைய மோட்டார் சைக்கிள் குழுவும். முழங்காலுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவோம் என்று பயந்தவர்களைப் போல. நடுவில், காற்று வராத இடத்தில், எங்கள் நரிமடு ஊர்க்காரர்கள். தேநீர்க் கேன் இருந்த மேசை தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சுவரோரம் தரையில், ஆடு மேய்க்கும் கெங்கம்மாள். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அவள் மகன் தேவா. கடைசி வரிசையில் நான், மடியில் பதினான்கு பக்கங்களோடு.

விசாரணை அதிகாரி அவர்களே, என் பெயர் பாண்டுரங்கன். திண்டிவனத்தில் ஒரு சாதாரணப் பள்ளியில் படித்தவன். நரிமடுவில் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறேன். மீதி நேரத்தில் ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது என் வழக்கம்.

எங்கள் ஊரை ஒட்டிய காப்புக்காட்டில், வல்லம் பக்கத்துப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே, விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்கள் வந்து வண்டி ஓட்டுகிறார்கள். மேடு, பள்ளம், பாறை, சேறு எல்லாவற்றிலும் ஓட்டுவது அவர்களுக்கு விளையாட்டு. கண்ட இடத்தில் ஓட்டிக் காட்டைக் கிழிக்கிறார்கள் என்பதால், இன்ன இன்ன தடத்தில் மட்டும் ஓட்டலாம் என்று வரையறுத்துவிட வனத்துறை முன்வந்தது. எந்தத் தடம் என்பதைப் பொதுமக்களைக் கேட்டு முடிவு செய்வதாகவும் அறிவித்தது. நல்ல திட்டம்தான். கேட்பது என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் செய்திருந்தால்.

அறிவிப்பு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு மாதம் ஒட்டியிருந்தது. அதன்மேல் காதணி விழா நோட்டீசை ஒட்டினார்கள். அதைக் கிழித்து, கீழே இருந்ததைப் படித்தவன் நான் ஒருவன். எழுத்துமூலம் வந்த ஆட்சேபணையும் என்னுடையது ஒன்றுதான். மற்றவர்கள் கருத்தை வாயில் வைத்துக்கொண்டு வந்தார்கள், வெற்றிலையைப் போல.

என் ஆட்சேபணை தடம் எண் இரண்டைப் பற்றியது. அது பழைய கல்குவாரிப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. சுற்றிப் போக இரண்டு வழிகள். மேல்வழி பள்ளத்தின் விளிம்போடு போகும். மழை பெய்தால் அங்கே மண் ஊறி, மேலே உறுதியாகத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. கீழ்வழி ஓடைக்குள் இறங்கி ஏறும். ஓடையில் தண்ணீர் வந்தால் அதில் போக முடியாது. ஆக எந்த வழி ஆகும், எது ஆகாது என்பது நாளுக்கு நாள் மாறும். இப்படிப்பட்ட இடத்தில் தடமே வேண்டாம் என்று எழுதினேன். ஒன்பதாம் பக்கத்தில் ‘உயிர்ச்சேதம்’ என்ற சொல்லையும் எழுதினேன். யோசித்துத்தான் எழுதினேன்.

வனச்சரகர் என்னைப் பார்த்து, "பெரியவரே, ரெண்டு வார்த்தையில சொல்லிடுங்க. லஞ்சுக்கு முன்னாடி முடிக்கணும்" என்றார்.

நான் எழுந்து முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். முன்னுரை முடிவதற்குள் வாசலிலிருந்து தேவாவின் குரல் வந்தது.

"சார், மாமா பதினாலு பக்கம் எழுதிக்கினு வந்துக்கீறாரு. தடமே ஏழு கிலோமீட்டருதான். கிலோமீட்டருக்கு ரெண்டு பக்கம். வண்டி ஓட்றவன் படிச்சிக்கினே போயி சேந்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டோ தொடையில் தட்டிச் சிரித்தார். கவசத்தின்மேல் பட்டு டப் டப்பென்று கேட்டது. தேவா திண்டிவனத்தில் மெக்கானிக். ஊர் முறையில் எனக்கு மருமகன். மாமன் முறையுள்ளவனைக் கேலி செய்யலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்படிப்பட்ட உரிமைகளை மட்டும் யாரும் மறப்பதில்லை. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வரிசைக்காகச் சொல்கிறேன்.

நான் உட்கார்ந்தேன். கெங்கம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"சார், நீங்க போர்டு வச்சா அது ஒரே பக்கத்ததான் காட்டும். மழை பேஞ்சா மேல ஆவாது. தண்ணி வந்தா கீழ ஆவாது. அன்னன்னிக்குப் பாத்துதான் சொல்லணும். நாங்க ஆடு ஓட்டிக்கினு போறவங்க, ஆவாத வழியில பச்ச ஆவாரந்தழைய வச்சி மேல ஒரு கல்லு வச்சிட்டுப் போவோம். பின்னால வர்றவங்க பாத்துக்குவாங்க. பச்சையா இருந்தா இன்னிக்கு வச்சது. காஞ்சிருந்தா அது பழசு. எங்காளுங்க யாரும் பச்சத் தழையத் தாண்ட மாட்டாங்க."

"சூப்பர் ஐடியாம்மா" என்றார் வனச்சரகர். அரசுத் தரப்பில் அன்று சொல்லப்பட்ட முழுமையான கருத்து அதுதான்.

விழுப்புரத்திலிருந்து போர்டு வர நாளாகும், அதுவரை தழையே அடையாளம், தடம் திறக்கிற நாட்களில் கெங்கம்மாள் காலையில் வழியைப் பார்த்துத் தழை வைப்பாள், வருகிற வண்டிக்காரர்களுக்கு ஆண்டோ சொல்லிவிடுவார் என்று பேசி முடித்தார்கள். ஒரு காப்புக்காடு, ஒரு துறை, ஒரு அரசாணை, எல்லாம் சேர்ந்து ஒரு கிளை ஆவாரம் செடியில் வந்து நின்றன. நான் மறுபடியும் எழுந்து ஒன்றே ஒன்று சொன்னேன். அதுவும் ஒன்பதாம் பக்கத்தில் இருப்பதுதான், ஏனென்றால் இந்த யோசனை ஊரில் பேச்சாக இருந்ததை நான் முன்பே அறிந்திருந்தேன்.

"தழையை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வைத்துவிடலாம்."

"யாரு மாமா மாத்துவாங்க?" என்றான் தேவா. "ஆடு வேணா தின்னும்."

"ஆவாரந்தழைய ஆடு தின்னாதுடா" என்றாள் கெங்கம்மாள்.

மறுபடியும் சிரிப்பு. கை தூக்கச் சொன்னார்கள். தேநீர்த் தம்ளர் வைத்திருந்தவர்கள் தம்ளரோடு தூக்கினார்கள். இரண்டாவது முறை தேநீர் கேட்டுத் தூக்கிய கைகளும் ஆதரவில் சேர்ந்தன. பொதுமக்கள் பங்கேற்பு என்று நடவடிக்கைக் குறிப்பில் இருப்பது இதுதான்.

வெளியே வரும்போது மேசையைப் பார்த்தேன். வனச்சரகரிடம் நான் கொடுத்த பதினான்கு பக்கங்களும் தேநீர்க் கேனின் குழாய்க்குக் கீழே இருந்தன. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ பக்கங்களைப் புரட்டித்தான் வைத்திருந்தார்கள்; ஒன்பதாம் பக்கம் மேலே இருந்தது. நனையாமல் இருந்த வரிகள் குறைவு.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. ஓர் ஆட்சேபணை எழுதப்பட்டால் அது சரியா தவறா என்று யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். அது நடைமுறை. வனத்துறை செய்யவில்லை. ஊரும் செய்யவில்லை. அப்புறம் மிச்சம் இருப்பது யார்?

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை தடத்தைத் திறந்தார்கள். முந்தின இரண்டு நாளும் மழை. அன்று காலை வெறித்திருந்தது. நான் குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, வழி இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு மேலே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்திருந்தேன். கெங்கம்மாள் ஆடுகளோடு வந்தாள். ஓடையில் இறங்கிக் கோலால் ஆழம் பார்த்தாள். கணுக்காலுக்குத்தான் இருந்தது. பிறகு மேல்வழியில் கொஞ்ச தூரம் போய், குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஆவாரங்கிளை ஒன்றை ஒடித்து மேல்வழியின் வாயில் வைத்தாள். அதன்மேல் தேங்காய் அளவு ஒரு கல். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் இறங்கிப் போய்க் கல்லையும் கிளையையும் எடுத்துக் கீழ்வழியின் வாயில் வைத்தேன். கெங்கம்மாள் எப்போதும் காம்பை உள்பக்கமாகவும் நுனியை வருகிறவர் பக்கமாகவும் வைப்பாள். நானும் அப்படியே வைத்தேன். செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். திரும்பி வந்து பாறையில் உட்கார்ந்தேன்.

யாரோ ஒரு வெளியூர்க்காரன் விழுவான், அடிபடும், படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள், அதிகாரிகள் கோப்பைத் திறப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டதாகத் தாங்கள் நினைக்கலாம். அப்படி எழுதிக்கொண்டால் எனக்கும் சௌகரியம்தான். ஆனால் வெறும் காயம் என்றால், நான் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியது மிகை என்று ஆகிவிடும். நான் மிகையாக எழுதுகிறவன் இல்லை.

வண்டிகள் வந்தன. ஆண்டோ முன்னால், பின்னால் அவருடைய ஆட்கள். தழையைப் பார்க்க வேண்டும் என்று காலையில் அவர்களிடம் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். யாரும் பார்க்கவில்லை. கைப்பிடியில் செல்போன் மாட்டியிருந்தது, அதிலிருந்த கோடு கீழ்வழியைக் காட்டியது, அதன்படி போனார்கள். ஆண்டோவின் முன்சக்கரம் தழைமேல் ஏறியது, பின்சக்கரம் ஏறியது, கல் உருண்டது. அடுத்தவன், அதற்கடுத்தவன், எல்லோரும் அதன்மேலேயே போனார்கள். ஓடையில் கூச்சல் போட்டுத் தண்ணீர் தெறிக்க ஏறி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

மனிதர்களைப் பற்றி எனக்கு எப்போதும் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது. ஆனாலும் கூட்டம் போட்டுக் கைதூக்கி, முடிவு செய்து, சொல்லி அனுப்பிய ஓர் அடையாளத்தை அத்தனை பேரில் ஒருவர்கூட மதிக்கவில்லை என்பதைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. அதை மாற்றி வைத்தவனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

இறங்கிப் போனேன். நசுங்கிய கிளையை எடுத்துப் புதருக்குள் எறிந்தேன். புதிதாக ஒரு கிளை ஒடித்து அதே இடத்தில் வைத்தேன். காம்பு உள்பக்கம், நுனி வருகிறவர் பக்கம். உருண்ட கல்லைத் தேடி எடுத்து வைத்தேன். சக்கரத் தடங்களைச் செருப்பால் கலைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு வண்டி வர வேண்டியிருந்தது.

வழியில் நின்றுபோகிற வண்டிகளைச் சரிசெய்து கொடுக்க, எல்லோருக்கும் கடைசியில் வர ஆண்டோ ஒரு மெக்கானிக்கை ஏற்பாடு செய்திருந்தார். அது யார் என்று ஊருக்கே தெரியும்.

தேவா மெதுவாக வந்தான். பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். அத்தனை பேரில் நிறுத்தியவன் அவன் ஒருவன்தான். தழையைப் பார்த்தான். இறங்கி, குனிந்து, இலையைக் கிள்ளிப் பார்த்தான். பச்சை. ஓடையை எட்டிப் பார்த்தான். பிறகு வண்டியில் ஏறி மேல்வழியில் போனான்.

மண் சரிகிற சத்தம் ஒன்றும் பெரிதாக இருக்காது. மூட்டையிலிருந்து மல்லாட்டையைக் கொட்டுகிற மாதிரி இருக்கும். அதன் பிறகு வண்டிச் சத்தம் இல்லை. பள்ளத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீருக்கு முன்னால் கல் இருந்தது. குடையை மடக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவசரப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

திரும்பும்போது தழையையும் கல்லையும் எடுத்துக் கெங்கம்மாள் வைத்த இடத்திலேயே, மேல்வழியின் வாயில், வைத்துவிட்டுப் போனேன். அவள்மேல் பழி வரக் கூடாது என்பதற்காக. இதை என் இரக்கம் என்று யாரும் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை.

பின்னால் வந்து பார்த்தவர்கள், தழை சரியான இடத்தில் இருந்தது, எச்சரிக்கையை மீறிச் சென்றதால் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய வேலை அத்தோடு முடிந்தது.

தேவாவுக்குக் காரியம் முடிந்த மறுநாள் கெங்கம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, எம்புள்ள தழையத் தாண்டிப் போனான்னு எழுதிக்கீறாங்களாம். அவன் தாண்ட மாட்டான். நாலு வயசு புள்ளையா எங்கூட ஆட்டுக்கு வரசொல்லவே தாண்ட மாட்டான். அப்போ நாந்தான் மாத்தி வச்சிருக்கணும். கண்ணு மங்கலாக் கீதோ, புத்தி மங்கிப்போச்சோ, தெரியல."

"தழை மேல்வழியில்தான் இருந்தது என்கிறார்களே" என்றேன்.

"அவங்க அப்பறமா வந்து பாக்கசொல்ல இருந்திருக்கும். அவன் பாக்கசொல்ல இருந்திருக்காது. எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல. நாந்தான் தப்பா வச்சேன்னு எழுது. அவன் தாண்டினான்னு எழுதினத அடிக்கச் சொல்லு. இனிமே அந்தப் பக்கம் ஒரு வண்டியும் வர வேணாம், மூடிடச் சொல்லு. அவ்ளோதான்."

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். மனு எழுதுகிறவன் தன் கருத்தை அதில் கலக்கக் கூடாது. அரைப் பக்கம் வந்தது. கைநாட்டு வைத்தாள். விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே, "நீதான் அன்னிக்கே சொன்ன, யாரு வேணா மாத்தி வைக்கலாம்னு. ஒருத்தரும் காதுல வாங்கல. நாங்க சிரிச்சிக்கினு இருந்தோம்" என்றாள்.

இத்தனை வருடம் மனு எழுதுகிறேன். என் ஆட்சேபணையில் ஒரு வரியையாவது நினைவில் வைத்திருந்த ஒரே ஆள் எழுத்தே தெரியாத ஒருத்தி என்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

போன வாரம் உத்தரவு வந்தது. தடம் எண் இரண்டு ரத்து. ஊராட்சிச் சுவரில் ஒட்டியிருந்ததை நின்று படித்தேன். ‘பார்வை’ என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: கெங்கம்மாள் என்பவரின் மனு. அவள் தானே தழையைத் தவறாக வைத்ததாக ஒப்புக்கொண்டதால், இனி இவ்வகை அடையாளங்கள் ஏற்கப்பட மாட்டா என்று கீழே ஒரு குறிப்பு. என் ஆட்சேபணை எங்கேயும் இல்லை. தேதி இல்லை, பக்கம் இல்லை, ‘பெறப்பட்டது’ என்ற சொல்கூட இல்லை.

என் பதினான்கு பக்கம் செய்யாததை அந்த அரைப் பக்கம் செய்துவிட்டது. அந்த அரைப் பக்கத்தையும் எழுதியது நான்தான். அதுவும் எங்கேயும் இல்லை.

ஆகவே இந்தக் கடிதம். மேற்படி உத்தரவில் ஒரே ஒரு திருத்தம் கோருகிறேன். கெங்கம்மாள் தழையைச் சரியாக வைத்தாள். தேவா அதைத் தாண்டவில்லை. மாற்றி வைத்தது நான். எனவே அவளுடைய மனு உண்மைக்குப் புறம்பானது, அதைப் பார்வையிலிருந்து நீக்கிவிட்டு என்னுடைய ஆட்சேபணையை, குறிப்பாக ஒன்பதாம் பக்கத்தை, அங்கே சேர்க்க வேண்டும். நனைந்துபோன பிரதிக்குப் பதிலாகப் புதிய பிரதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வரிசையில் ஒன்று விடுபட்டுவிட்டது. உறையை ஒட்டுவதற்கு முன் சேர்த்துவிடுகிறேன்.

தேவா இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது பாறைமேல் என் குடையைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமா, எத்தினி பேரு வுழுவாங்கன்னு எண்றியா?" என்று சிரித்தான். பிறகு ஓடையைக் காட்டி, "தண்ணி கம்மியாத்தான கீது, அம்மா ஏன் இந்தப் பக்கம் தழை வச்சிக்கீது? தேன்கூடு ஏதாவது கீதா?" என்று கேட்டான்.

நான் சொன்னேன்: "தழையைப் பார்த்துப் போகணும்னு நீங்கதானே முடிவு பண்ணீங்க."

"அதுஞ்சரிதான் மாமா" என்றான். பதினான்கு பக்கத்தைக் கேலி செய்தவன், நான் சொன்ன ஒரு வரியை உடனே ஏற்றுக்கொண்டான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். மண்டபத்தில் ‘யார் மாற்றுவார்கள்’ என்று அவன் கேட்டதும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை. அதற்கும் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

நகல் யாருக்கும் அனுப்பவில்லை. கெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

கோந்து எடுத்து வைத்துவிட்டேன். பத்து மணி பேருந்தில் திண்டிவனம் போய்த் தபால் நிலையத்தில் கொடுத்துவிடுவேன். அங்கே ரோஸ்லின் என்ற பெண், "இன்னிக்கி யார் மேல சார் புகாரு?" என்று வழக்கம்போல் கேட்கும். ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதையும் பொதுமக்களைக் கேட்டுத்தான் செய்திருப்பார்கள். எப்படியும் வாங்கிக்கொண்டதற்குத் தாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். படித்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்குகிற ஏற்பாடு இன்னும் அவர்களிடம் இல்லை. அது குறித்துத் தபால் துறைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதோடு சேர்த்து அதையும் ஒட்டி அனுப்புகிறேன்.